ஐந்தாவது மாணவனின் செங்கல்

அன்று கடையில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் கடை முதலாளி பாய். லேமினேஷன் மேசையில் அவர் மனைவி; அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சுவரோரம் என் மேசையில் நான். பட்டா நகல் எடுக்க வந்து, கரண்ட் போய்விட்டதால் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்ட ஒரு பெரியவர். அப்புறம், கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்ற ஒரு பி.எட். மாணவி. எதைச் சொல்ல ஆரம்பித்தாலும் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எண்ணிவிடுவது என் வழக்கம். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் சாட்சிக்கு ஆள் வேண்டுமே.

கடை காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்தது. அங்கே என் வேலை ரெக்கார்டு எழுதுவது. ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கிறவர்கள் வருடத்துக்கு ஏழெட்டு நோட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பாடத்திட்டக் குறிப்பு, உளவியல் சோதனை, அது இது என்று எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு. நேரம் இல்லாதவர்களும் கையெழுத்து சரியில்லாதவர்களும் எங்களிடம் கொடுப்பார்கள். எட்டாம் வகுப்போடு நின்ற நான், ஆசிரியராகப் போகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்தேன். என் எழுத்து அச்சு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு நோட்டை முடிக்கும்போதும் போலீஸ் வருமா என்று ஒருமுறை வாசலைப் பார்ப்பேன். "ரெக்கார்டு எழுதுனதுக்கு எவனாச்சும் ஜெயிலுக்குப் போயிருக்கானா?" என்று பாய் சிரிப்பார். முதல் ஆளாக நான் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

அந்தப் பெண் உள்ளே வந்து நோட்டை என் முன்னால் வைத்தாள்.

"யக்கா, சைக்காலஜி ரெக்கார்டுங்க. மொத்தம் ஆறு சோதனை. அஞ்சு செஞ்சுட்டேன், ரஃப் நோட்டுல இருக்குது, பாத்து எழுதுனா போதும். ஆறாவது மட்டும்…"

"ஆறாவது என்னா?"

"ஆக்கத்திறன் சோதனைங்க்கா. ஒரு செங்கல்ல என்னென்னத்துக்கெல்லாம் பயன்படுத்தலாம்னு அஞ்சு பசங்ககிட்ட கேக்கணும். எத்தன சொல்றாங்க, எத்தன விதமா சொல்றாங்க, மத்தவங்களுக்குத் தோணாதது எத்தன சொல்றாங்கன்னு பாத்து மார்க் போடணும்."

"கேட்டியா?"

"எங்கக்கா நேரம்? பயிற்சிக்குப் போற ஸ்கூல்ல போர்ஷன் முடிக்கலன்னு ஹெட்மாஸ்டர் தெனமும் கத்தறாரு. நீங்களே ஏதாச்சும் எழுதிருங்க. எல்லாரும் போன வருசத்து நோட்டப் பாத்து எழுதறாங்க, எனக்கு அதுவும் கெடைக்கல."

பாய் மெஷினைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "செங்கல்லுல வூடு கட்டலாம். எழுதிக்கம்மா. வேல முடிஞ்சுது."

"காசு இருந்தாக் கட்டலாம்," என்றார் ஸ்டூல் பெரியவர்.

அவள் போய்விட்டாள். கரண்ட் வந்தது. நான் ஐந்து சோதனைகளையும் இரண்டு நாளில் எழுதி முடித்துவிட்டு, ஆறாவது சோதனையின் தலைப்பை மட்டும் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

எனக்குச் செங்கல்லைத் தெரியாது என்றில்லை. பள்ளியை விட்டு நின்ற வருடம் எங்கள் குடும்பமே ஒரு சூளைக்கு வேலைக்குப் போனது. தலையில் ஒரு நடைக்கு ஆறு கல், வெயிலில் காய வைக்க ஒரு வரிசை, வேகப் போட ஒரு வரிசை. ராத்திரி தூக்கத்திலும் கல்லைத்தான் எண்ணுவேன். அப்படிப்பட்ட எனக்குக் கல் என்றால் கனம்தான். அதை வைத்து வேறு என்ன செய்யலாம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேனா? ஏழாம் வகுப்பில் இயற்கைக் காட்சி வரையச் சொன்னார்கள். எல்லோரும் இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு ஓடு போட்ட வீடு, ஒரு தென்னை மரம், மூன்று காக்கை போட்டார்கள். எங்கள் ஊரில் மலை ஒன்றுதான். வெயில் அதன் பின்னாலிருந்து ஏறி வர எட்டு மணி ஆகிவிடும். நான் ஒற்றை மலையை வரைந்து கொடுத்தேன். "சூரியன் எங்க?" என்றார் டீச்சர். "இன்னும் வரலைங்க டீச்சர்," என்றேன். வகுப்பே சிரித்தது. அவர் கெட்டவர் இல்லை, அவரும் சிரித்தார். சிவப்புப் பேனாவில் பக்கத்தில் இன்னொரு மலையைப் போட்டு, நடுவில் சூரியனையும் போட்டு, பத்துக்கு ஆறு கொடுத்தார். அதற்கப்புறம் நானும் இரண்டு மலைதான் வரைந்தேன். ஒன்பது, பத்து என்று மார்க் வந்தது.

மூன்றாம் நாள் காலை கடை திறந்ததும், நான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்த அக்கா, பின்கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க வைத்திருந்த செங்கல்லைத் தூக்கி வந்து கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நெனச்சா வராது. பாத்தா வரும். வெச்சுப் பாரு," என்றார்.

எனக்கு வரவில்லை. ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் வந்தது. அன்று சந்தை நாள். கடைக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்டது, "எதுக்குங்க இங்க கல்லு?" என்பதுதான். பாய் விஷயத்தைச் சொல்வார். உடனே ஆரம்பித்துவிடுவார்கள்.

பட்டா நகலில் ஒரு பக்கம் விட்டுப்போனது என்று திரும்பி வந்த அதே பெரியவர், "ஆடிக் காத்துக்குக் கூரை சீட்டு பறக்காம மேல வெக்கலாம். நான் வெச்சிருக்கறேன், பன்னெண்டு கல்லு," என்றார்.

பூ விற்கிற அம்மா கூடையை இறக்கிவிட்டு யோசித்தது. "தண்ணி லாரி வர்றப்ப எனக்குப் பதிலா லைன்ல நிக்கும். எங்கூட்டுக்காரர நிக்கச் சொன்னா நிக்கமாட்டாரு. கல்லு நிக்கும், வாயப் பேசாம நிக்கும்."

டவுன் பஸ் கண்டக்டர் ஆதார் நகல் எடுக்க வந்தவர். "எங்க வண்டியில ஹேண்ட் பிரேக்கு இதுதாங்க. பின் டயருக்கு முட்டு. அப்பறம், எழுதிக்கங்க, பொடி பண்ணி மொளகாத் தூள்ல கலக்கலாம்."

"அத எழுதாத!" என்று பாய் அலறினார். "பஸ் ஸ்டாண்டே நம்ம கடையச் சந்தேகப்படும்."

மத்தியானம் கூட்டம் குறைந்தபோது அக்கா மெதுவாகச் சொன்னார்: "பெரியவன் பொறந்தப்ப எங்கம்மா செங்கல்ல அடுப்புல சுட்டு, பழைய துணியில சுத்தி, வயித்துல வெச்சு ஒத்தடம் குடுப்பாங்க. அந்தச் சுகம் இருக்குதே… இப்ப நெனச்சாலும் கண்ணச் சொக்குது."

அப்புறம்தான் எனக்கும் வர ஆரம்பித்தது. எப்படி என்று தெரியவில்லை. பசங்கள் காதில் வைத்து அலோ அலோ என்று போன் பேசலாம். பொடித்துத் தண்ணீரில் குழைத்து வாசலில் செம்மண்ணுக்குப் பதில் கோலத்துக்குக் கரை கட்டலாம். கோபம் வந்தால் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கலாம், கை வலிக்க ஆரம்பித்ததும் கோபம் போய்விடும். இதை எழுதிவிட்டு நானே சிரித்தேன். அக்கா என்னடி என்றார். படித்துக் காட்டினேன். பாய் தன் மனைவியைப் பார்த்து, "இனிமே நம்மூட்டுல ஒரு கல்லு எப்பவும் இருக்கணும்," என்றார்.

சொன்னால் நம்புவார்களோ என்னவோ, என் வேலைக் காலத்தில் அந்த ஒரு நாளை நினைத்தால்தான் எனக்கு இன்னும் இனிக்கிறது. அத்தனை வருடம் மற்றவர்கள் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் இல்லாத ஒன்றை எழுதினேன். பஸ் ஹாரன், சந்தைத் தேங்காய் இறக்குகிற சத்தம், மெஷினின் சூடான காகித வாசனை, நடுவில் ஒரு கல். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில்கூட எதைப் பார்த்தாலும் இது எதற்கெல்லாம் ஆகும் என்றே மனது ஓடியது. டிக்கெட், ஜன்னல் கம்பி, முன் சீட்டு ஆயாவின் காலிப் பை எல்லாம் அன்றைக்குத்தான் கடையிலிருந்து வாங்கி வந்தது மாதிரி புதிதாகத் தெரிந்தன.

முதல் நான்கு மாணவர்களுக்கு ஆளுக்கு ஐந்து, ஆறு என்று பயந்து பயந்து எழுதினேன். வீடு, சுவர், படி, மேடை. மிச்சம் எல்லாவற்றையும் 'மாணவர் 5, ஆண், வயது 13' என்பதன் கீழே எழுதினேன். இருபத்தேழு பதில்கள். எழுதும்போது அந்தப் பையனையே எனக்குத் தெரிகிற மாதிரி இருந்தது. அந்தப் பெண் வந்து நோட்டை வாங்கிப் புரட்டிக்கூடப் பார்க்காமல் கொண்டுபோனாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் திரும்ப வந்தபோது கண் வீங்கியிருந்தது. ஸ்டூலில் உட்கார்ந்ததும் அழுதாள். செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்திருக்கிறார். நோட்டுகளைச் சும்மா புரட்டிக்கொண்டே வந்தவர், ஆறாவது சோதனையில் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இருபத்தேழையும் படித்திருக்கிறார். நடுநடுவே சிரித்தாராம். இவளும் மார்க் வந்துவிட்டது என்று நினைத்துக் கூடவே சிரித்திருக்கிறாள். பத்தொன்பதாவது பதிலில் விரலை வைத்து அவர் கேட்டாராம்:

"பிரசவத்துக்கு அப்பறம் வயித்துல ஒத்தடம் குடுக்கலாம்னு எழுதியிருக்கான். இந்தப் பையனுக்கு எத்தன கொழந்தைங்க?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். நான் வாசலைப் பார்த்தேன். பதின்மூன்று வயதுப் பையன் என்று எழுதியவளும் நான்தான், பிரசவ ஒத்தடத்தை எழுதியவளும் நான்தான். அக்கா சொன்னதன் சுகத்தில், யார் வாயில் வைக்கிறேன் என்று பார்க்கவில்லை.

"அப்பறம் என்ன சொன்னாங்க?"

"நாளன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருப்பேன், அதுக்குள்ள நெசமான அஞ்சு பசங்ககிட்ட கேட்டு, உன் கையெழுத்துல எழுதிட்டு வான்னு சொல்லிட்டாங்க. இல்லைன்னா ஃபெயிலு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "நல்லம்பள்ளியில ஒரு ஸ்கூல்ல ஜூன்ல சேந்துக்கச் சொல்லியிருக்காங்கக்கா. பாஸானாத்தான். வேல இல்லைன்னா கல்யாணந்தான்னு எங்கப்பா முடிவா இருக்கறாரு. மாப்பிள்ளகூடப் பாத்துட்டாரு."

ஒரு பெண்ணின் வேலையையும் கல்யாணத்தையும் ஒரு செங்கல்லால் மாற்றிவிட்டேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். "நான் வேணா வந்து, எழுதுனது நாந்தான்னு சொல்லிர்றேன்," என்றேன். "அய்யோ, அப்ப ரெண்டு பேரும் மாட்டுவோம்," என்றாள். கடைசியில், மறுநாள் அவள் பயிற்சி எடுக்கும் பள்ளிக்கு நானும் கூடப் போவது என்று முடிவானது. என்னால் ஆகப்போவது ஒன்றும் இல்லை. கடையில் உட்கார்ந்து பயப்படுவதற்கு அங்கே நின்று பயப்படலாம் என்றுதான் போனேன்.

டவுன் பஸ்ஸில் இருபது நிமிடம். வகுப்பு வாசலுக்கு வெளியே நின்றுகொண்டேன். எட்டாம் வகுப்பிலிருந்து ஐந்து பேரை முன் பெஞ்சில் உட்கார வைத்து, ஆளுக்கு ஒரு வெள்ளைத்தாள் கொடுத்து, அவள் கரும்பலகையில் கேள்வியை எழுதினாள். ஐந்து பேரும் உடனே தாளில் பெயர், வகுப்பு, தேதி எழுதினார்கள். மார்ஜின் போட்டார்கள். பிறகு நிமிர்ந்தார்கள்.

"மிஸ், இது எந்தப் பாடத்துல வருது?"

"எந்தப் பாடத்துலயும் இல்ல. தோணறத எழுதுங்க."

"எத்தன மார்க்கு மிஸ்?"

"அஞ்சு பாயிண்ட் எழுதுனாப் போதுங்களா மிஸ்?"

இரட்டைச் சடை போட்ட ஒரு பெண் எழுந்து, "மிஸ், கைடுல இருக்குதுங்களா?" என்றது.

கால் மணி நேரம் கழித்துத் தாளை வாங்கினாள். ஜன்னல் வழியாக என்னிடம் நீட்டினாள். வீடு கட்டலாம். சுவர் கட்டலாம். படி கட்டலாம். ஐந்து தாளிலும் அதே வரிசை. ஒருவன் எழுதியதை நாலு பேரும் பார்த்து எழுதியிருந்தார்கள். "இதக் கொண்டுபோனா மறுபடியும் பொய்யின்னுதான் சொல்லுவாங்க," என்றாள்.

இரண்டு மலை, நடுவில் சூரியன். எனக்கு அந்தத் தாள்கள் அப்படித்தான் தெரிந்தன. வழக்கமாக நான் யாருக்கும் யோசனை சொல்கிற ஆள் இல்லை. சொல்லி அது தப்பாகப் போனால் யார் பதில் சொல்வது? ஆனால் அன்று வாய் முந்திக்கொண்டது.

"தாள் வெச்சுக் கேக்காத, கண்ணு. கல்ல வெச்சுக் கேளு."

கழிப்பறைக்குப் பின்னால் இடிந்த சுவரிலிருந்து ஒரு கல்லை நானே எடுத்து வந்தேன். இன்டர்வெல் மணி அடித்தது. அவள் புளியமரத்தடியில் கல்லை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் ஒரு பையன் அதன் மேல் ஏறி நின்றான். "டேய், எறங்குடா," என்றாள் வழக்கம் போல. நான் அவள் தோளைத் தொட்டேன். வாயை மூடிக்கொண்டாள்.

"மிஸ், இதும் மேல நின்னா போட்டோவுல நான் ஒசரமாத் தெரிவேன்."

"எத்தன ஒசரம் ஆனாலும் நீ கட்டையன்தான்டா," என்றது இரட்டைச் சடை. கல்லைப் புரட்டிப் பார்த்தது. அடியில் எறும்புகள் இருந்தன. "மிஸ், எறும்புக்கு மழை வந்தா ஒதுங்க எடம்."

"ஒடச்சுப் பாத்தா எத்தன தூரம் தண்ணி எறங்கியிருக்குதுன்னு தெரியும் மிஸ். ராத்திரி எத்தன மழைன்னு சொல்லிர்லாம்." இதைச் சொன்னவன் வகுப்பில் வாயே திறக்காதவனாம். அவள் பிறகு சொன்னாள்.

"மிஸ், நீங்க லீவு போட்டா ஒங்க சேர்ல இத வெச்சிர்லாம். நாங்க சத்தம் போடமாட்டோம்."

"சத்தியமா?"

"கல்லுதான மிஸ், அடிக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். மடியில் இருந்த நோட்டில் கிறுக்கிக்கொண்டே இருந்தாள். கோழி கிண்டியது போல எழுத்து. எனக்குக் கை துறுதுறுத்தது, பிடுங்கி எழுதிவிடலாம் போல. அடக்கிக்கொண்டேன். மணி அடித்த பிறகும் பசங்கள் போகவில்லை. நான்தான் ஹெட்மாஸ்டர் வந்துவிடுவாரோ என்று ஆபீஸ் வாசலைப் பார்த்தபடி இருந்தேன். பார்த்த நேரம் போக, கேட்டவரைக்கும் சொல்கிறேன்: என் இருபத்தேழில் ஒன்றுகூட அந்த மழைக் கல்லுக்குப் பக்கத்தில் வராது.

மறுநாள் சாயங்காலம் வரை கடையில் மூன்று விண்ணப்பங்களைத் தப்பாக நிரப்பினேன். ஆறரை மணிக்கு அவள் ஓடி வந்தாள். பாஸ். பேராசிரியை கோழி எழுத்தைக் கஷ்டப்பட்டுப் படித்துவிட்டு, "இது நெசம்," என்று ஒரே வார்த்தைதான் சொன்னாராம். பிறகு பழைய நோட்டிலிருந்து என் பக்கங்களை நூல் பிரித்து எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாராம்.

"இத எழுதுனவங்க எங்க படிச்சவங்கன்னு கேட்டாங்கக்கா."

"நீ என்ன சொன்ன?" மறுபடியும் வாசலைப் பார்த்தேன்.

"காரிமங்கலம் பஸ் ஸ்டாண்டுங்க மேடம்னு சொன்னேன்."

பாய் அன்று எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அது நடந்து பல வருடம் ஆகிவிட்டது. அவள் நல்லம்பள்ளியில்தான் வேலை செய்கிறாள், கல்யாணமும் தன் இஷ்டப்படிதான் செய்துகொண்டாள். நான் அதே கடையில் இப்போது கம்ப்யூட்டரில் வருமானச் சான்றுக்கும் சாதிச் சான்றுக்கும் விண்ணப்பம் தட்டுகிறேன். வீட்டில் என் மகளும் நானும் சாப்பிடும்போது கரண்டி, செருப்பு, காலி டப்பா என்று எதையாவது எடுத்து, எதற்கெல்லாம் ஆகும் என்று மாற்றி மாற்றிச் சொல்லுவோம். அவள் சொல்வதைக் கேட்டால் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கூடவே பரீட்சையிலும் இப்படி எழுதிவைத்துவிடுவாளோ என்று பயம். பரீட்சை அன்று காலையில் மட்டும், "புத்தகத்துல இருக்கறத எழுது கண்ணு," என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க மனசு கேட்பதில்லை.

பாஸான அந்தச் சாயங்காலமே கணக்கும் பேசினோம். சோதனைக்கு எழுபது ரூபாய், ஆறு சோதனை. ஐந்துக்கு உண்டானதை எண்ணி மேசையில் வைத்தாள். "ஆறாவதத் திருப்பி நானேதான எழுதுனேன், அதக் கழிச்சுக்கறேங்க்கா," என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன். அவள் போனதும் பாய் என்னைத் திட்டினார்.

"ஏம்மா, அந்த அஞ்சும் அவ நோட்டப் பாத்து நீ காப்பி அடிச்சது. ஆறாவதுதான நீ எழுதுனது? அதுக்குப் போயி காசு வேண்டாங்கறயே!"

கூப்பிட்டுக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போதும் பஸ் ஜன்னலிலிருந்து கை ஆட்டுவாள், நானும் ஆட்டுவேன். ஆறாவது சோதனைக்கு எழுபது ரூபாய் இன்னும் வர வேண்டியிருக்கிறது.